மலைப்பாதைச் சாரதியின் தொழில் தர்மம்

காலையில் நாம் அருந்தும் ஒரு கோப்பைத் தேநீரைப் பற்றி எழுதியோர் பலர். கொழுந்து கிள்ளும் பெண்ணின் விரல்களைப் புகழ்ந்தோர் உண்டு. தொழிற்சாலையில் இலையை வாட்டி, அரைத்து, பதம் பார்த்து எடுப்பவரின் மூக்குத் திறனை வியந்தோர் உண்டு. ஆனால் மலை உச்சிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே, இரவென்றும் பகலென்றும் பாராது வண்டியோட்டும் லொறிச் சாரதியைப் பற்றி யாரேனும் நாலு வரி எழுதியிருப்பதைக் காண்பது அரிது. பத்திரிகையில் அவர் இடம்பெறுவது விபத்து நேர்ந்த நாளில் மட்டுமே. முப்பது ஆண்டுக் காலம் ஒருவருக்கும் தீங்கு நேராமல் ஓட்டி ஓய்ந்தவர் ஒருநாளும் செய்தியாவதில்லை.

வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் வழக்கறிஞருக்கும் தொழில் தர்மம் ஒன்று உண்டென்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். லொறி ஓட்டுபவருக்கும் அப்படியொரு தர்மம் உண்டென்று கூறினால் சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். அத்தகையோர் ஒருமுறை ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கும் வீதியிலோ, நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும் வீதியிலோ, சுமையேற்றிய லொறியொன்றின் பின்னால் சிறிது தூரம் பயணஞ் செய்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் செங்குத்தான மலை. மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். எதிரே வருவது எதுவென்று காட்டாத வளைவு. எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும் பனிமூட்டம். இவற்றினூடே பல தொன் சுமையை ஒருவர் இறக்கிச் செல்கிறார் என்றால் அஃது அதிர்ஷ்டத்தால் நிகழ்வதன்று. கற்றறிந்த ஒரு வித்தையினால் நிகழ்வது. அந்த வித்தையின் உயிர்நாடி நிதானம். இந்த வாரம் அதனைப் பற்றியும், அதற்கு இன்று நேர்ந்துள்ள ஆபத்தைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

பாதை வந்த வரலாறு

மலைநாட்டுக்கு மோட்டார் வருமுன் மாட்டுவண்டி வந்தது. அதற்கும் முன் தவளம் என்னும் பொதிமாட்டுக் கூட்டம் வந்தது. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் 1820களில், எட்வர்ட் பார்ன்ஸ் ஆட்சி நடத்திய காலத்தில், கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதி வெட்டப்பட்டது. அவ்வேலையை நடத்திய கப்டன் டோசன் என்னும் பொறியியலாளர் 1829இல் மறைந்தார். அவர் நினைவாகக் கடுகண்ணாவைக் கணவாயில் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கிறது. மலையைக் குடைந்து மண்ணைச் சுமந்த தொழிலாளருள் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரும் இருந்தனர். அவர்களுக்குக் கோபுரம் ஏதும் இல்லை. அவர்கள் வெட்டிய பாதையே அவர்களின் நினைவுச் சின்னம்.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளில் ஏறி, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் பயணஞ் செய்து கொழும்பை அடைந்தன. 1867இல் புகைவண்டி கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தூரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1885இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து ராகலைக்கு ஒரு சிற்றகல இருப்புப்பாதையும் போடப்பட்டது. ஆனால் 1940களில் அது மூடப்பட்டுவிட்டது. அது சுமந்த பாரம் வீதிக்கு வந்தது. காலப்போக்கில் பெரிய இருப்புப்பாதை சுமந்த பாரத்தின் பெரும்பகுதியும் வீதிக்கே வந்து சேர்ந்தது. இவ்வாறு, மாட்டுவண்டிக்காரரின் பழைய பொறுப்பு முழுவதும் லொறிச் சாரதியின் தோளில் ஏறிற்று.

மேற்கிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பிரதான வீதிகள் இரண்டு. பேராதனையில் தொடங்கிக் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறுவது ஏ-5 வீதி. அவிசாவளையில் தொடங்கி எட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக ஏறுவது ஏ-7 வீதி. அவிசாவளை கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே உள்ளது. ஹட்டன் சுமார் 1270 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1868 மீற்றர். ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தூரத்துக்குள் இவ்வளவு உயரத்தையும் ஏறி இறங்க வேண்டும். இடையிலுள்ள வட்டவளைப் பகுதியில் ஓராண்டில் 5000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பொழிகிறது. இலங்கையிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் அது ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்த வீதியில் உலர்ந்த நாள் ஒன்றைக் காண்பதே அரிது.

சுமையின் குணம்

வண்டியை ஓட்டப் பலர் அறிவர். சுமையை அறிந்து ஓட்டுபவரே தேர்ந்த சாரதி. மலைநாட்டில் ஒவ்வொரு சுமைக்கும் ஒவ்வொரு குணம் உண்டு.

முதலில் தோட்டத்துக்குள் ஓடும் கொழுந்து லொறியைப் பார்ப்போம். மடுவத்தில் நிறுத்துப் போட்ட பச்சைக் கொழுந்து உயிருள்ள பொருள். பறித்த பின்னரும் அது சுவாசிக்கிறது. நெருக்கி அமுக்கி மூட்டை கட்டினால் தன் வெப்பத்தாலேயே வெந்து சிவக்கத் தொடங்கும். சுமார் நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலையே கிடைக்கும் என்பதால், ஒரு மூட்டை வீணானாலும் பலருடைய ஒருநாள் உழைப்பு வீணாகிறது. ஆகவே கொழுந்து லொறிச் சாரதி தாமதிக்கவும் கூடாது; குலுக்கிக் கசக்கவும் கூடாது. பள்ளமும் மேடுமான தோட்டப் பாதையில், மழைக்குப் பின் சேறு வழுக்கும் திருப்பங்களில், இவ்விரண்டு கட்டளைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவது எளிதான காரியமன்று.

அடுத்தது ஆக்கிய தேயிலை. தொழிற்சாலையிலிருந்து அது புறப்படும்போது அதன் ஈரப்பதம் நூற்றுக்கு மூன்று என்ற அளவில் இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் பக்கத்திலுள்ள வாடையையும் உறிஞ்சிக்கொள்வது தேயிலையின் இயல்பு. முதல்நாள் கருவாடு ஏற்றிய தட்டில் மறுநாள் தேயிலை ஏற்றினால், அல்லது மண்ணெண்ணெய் சிந்திய பலகையில் மூட்டையை வைத்தால், மாதக்கணக்கில் காத்த மணம் ஒரு பயணத்தில் கெட்டுவிடும். தார்ப்பாயில் விரற்கடை அகலத் துவாரம் இருந்தாலும் வட்டவளை மழைக்கு அது போதும். ஆதலின் தொழிலறிந்த சாரதி சுமை ஏற்றுமுன் தட்டைக் கழுவி உலர்த்துகிறார், முகர்ந்து பார்க்கிறார், தார்ப்பாயை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறார். கொழும்பில் தேயிலையின் பகிரங்க ஏலம் 1883ஆம் ஆண்டில் தொடங்கியது. 2020இல் அது கணினித் திரைக்கு மாறியது. விலை பேசுவதைத் திரையில் நடத்தலாம். மூட்டையைத் திரை வழியே அனுப்ப இயலாது. அது இன்றும் வளைவு வளைவாக லொறியில்தான் இறங்குகிறது.

மூன்றாவது மரக்கறி. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளையும் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு முதலியன தம்புள்ளையில் 1999இல் தொடங்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்துக்கும், கொழும்பை அடுத்த பேலியகொடைச் சந்தைக்கும் செல்கின்றன. பிந்தி வந்த மரக்கறிக்கு விலை இல்லை. ஆகவே இந்த லொறிகள் பெரும்பாலும் இரவிலேயே இறங்குகின்றன. கோவாவை உயரமாக அடுக்கினால் வண்டியின் பாரம் மேலே ஏறிவிடும். வளைவில் வண்டி சாயப் பார்க்கும். கயிறு தளர்ந்தால் சுமை ஒரு பக்கம் நகரும். திரும்பிச் செல்லும்போது அரிசியும் மாவும் சீமெந்தும் உரமும் சமையல் வாயுவும் மேலே ஏறுகின்றன. எரிபொருள் பவுசரின் உள்ளே இருக்கும் திரவமோ வளைவுதோறும் அலைமோதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டும் முறை, ஒரு வேகம், ஓர் அச்சம் உண்டு. அச்சம் என்ற சொல்லைக் கண்டு யாரும் இகழ வேண்டாம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையோர் தொழில்.

இறக்கத்தின் கணக்கு

ஏற்றந்தான் கடினம், இறக்கம் எளிது என்று பலர் எண்ணுவர். மலைச் சாரதியைக் கேட்டால் இதற்கு நேர்மாறாகச் சொல்வார். ஏற்றத்தில் வண்டி தோற்றால் நின்றுவிடும். இறக்கத்தில் தோற்றால் நிற்காது.

மாணவர்கள் இதனை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் சுமையும் சேர்ந்து பத்துத் தொன் நிறை என்று கொள்வோம். அது 1000 மீற்றர் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 9 கோடியே 80 இலட்சம் யூல். வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 27 அலகு. அடுப்பங்கரைக் கணக்கில் சொன்னால், 20 பாகை வெப்பநிலையிலுள்ள 290 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். இறங்கும் வண்டி வேகங் கொள்ளாதிருக்க வேண்டுமானால் இவ்வளவு சக்தியும் எங்கேனும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். சாரதி பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால், அந்த வெப்பத்தின் பெரும்பங்கைச் சக்கரங்களுக்குள் இருக்கும் சிறிய பிரேக் கட்டைகளே ஏற்க நேரிடும். அப்போது உருளை சூடேறி விரிகிறது. கட்டைகள் பிடிமானத்தை இழக்கின்றன. எண்ணெய்ப் பிரேக் ஆனால் அதன் எண்ணெயே கொதித்து ஆவியாகக் கூடும். மிதிக்க மிதிக்கக் கால் உள்ளே போகிறது, வண்டியோ நிற்பதில்லை. கருகிய நாற்றம் மூக்கில் ஏறும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இதற்கு மருந்து பழைய சாரதிகள் அறிந்ததே. எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விதி. தாழ்ந்த கியரில் எஞ்சின் தானே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இன்றைய லொறிகள் பலவற்றில் புகைக்குழாயை அடைத்து எஞ்சினின் பிடியை மேலும் இறுக்கும் பிரேக்கும் உண்டு. பிரேக் மிதியை இடையிடையே உறுதியாக மிதித்து, விட்டு, ஆறவிட்டு மீண்டும் மிதிக்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, இறக்கம் தொடங்குமுன்னரே கியரைத் தாழ்த்தியாக வேண்டும். வேகம் பிடித்த பின் தாழ்த்த முயன்றால் கியர் விழாது. நடுவிலே மாட்டிக்கொண்டால் எஞ்சினின் பிடியும் போய்விடும்.

டீசல் மிச்சம் பிடிப்பதற்காகக் கியரைக் கழற்றிவிட்டு இறங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதைவிடக் கேடான சிக்கனம் வேறில்லை. இக்கால எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது, மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. ஆகவே கியரைக் கழற்றுவதில் இலாபமும் இல்லை. எஞ்சினையே அணைத்து இறங்குபவரோ பிரேக்கின் வலுவையும் சுக்கானின் இலகுவையும் சேர்த்து இழக்கிறார். சில ரூபாய்க்காகத் தன் உயிரையும் எதிரே வருவோர் உயிரையும் பணயம் வைப்பவரைச் சாரதி என்று அழைப்பது தகாது.

தமிழகத்து மலைகளிலும் இதே பாடந்தான். உதகமண்டலத்திலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைப் பாதையில் 40. கொல்லிமலைப் பாதையில் 70. அங்கெல்லாம் வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை நிற்கிறது. சமவெளியில் பல்லாண்டு ஓட்டிய கைதேர்ந்தவர்களும் அத்தகைய இறக்கங்களில் தடுமாறுவதுண்டு. நமது கண்டி-மகியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவுகளும் அவ்வாறே பெயர் பெற்றவை. சமவெளி வேகத்தைக் கற்பிக்கிறது. மலை அடக்கத்தைக் கற்பிக்கிறது.

வழிவிடும் வரிசை

மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் ஒடுக்கமான இடத்தில் எதிர்ப்பட்டால், இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. இதற்குக் காரணம் உண்டு. சுமையோடு ஏறும் வண்டி ஒருமுறை நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுவது கடினம். பின்னோக்கி உருளவும் கூடும். வலிமை குன்றிய நிலையில் இருப்பவருக்கு முன்னுரிமை என்பதே இவ்விதியின் உட்பொருள். இந்த ஒரு விதியை நாம் வீதிக்கு வெளியேயும் கடைப்பிடித்தால் நாடு எவ்வளவு நன்றாயிருக்கும்!

வளைவுக்கு முன் ஒருமுறை ஹோர்ன் அடித்தல். இரவில் எதிரே வருபவரின் கண் கூசாதபடி விளக்கைத் தாழ்த்துதல். மரம் விழுந்திருந்தாலோ மண் சரிந்திருந்தாலோ எதிர்ப்படும் வண்டிக்கு விளக்கை மினுக்கியும் கையை அசைத்தும் எச்சரித்தல். பழுதாகி நின்றால் சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்னால் சற்றுத் தூரத்தில் பச்சைக் கொப்பை ஒடித்துப் போட்டு அடையாளம் காட்டுதல்: இவை அனைத்தும் அத்தொழிலின் நாகரிகம். அந்தக் கல்லையும் கொப்பையும் புறப்படுமுன் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுச் செல்கிறாரா என்பதைப் பார்த்தே ஒரு சாரதியின் தரத்தை அறிந்துகொள்ளலாம். தன் வேலை முடிந்ததும் கல்லை நடுவீதியில் விட்டுச் செல்பவர், பின்னால் இருளில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் குழி தோண்டி வைத்துச் செல்பவரே ஆவார்.

நீண்ட லொறி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலே வருவதில்லை; வளைவின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு வரும். அதனால்தான் லொறி வளைவில் வெளிப்புறமாக அகன்று திரும்புகிறது. இதை அறியாத சிறிய வாகனக்காரர், இடம் கிடைத்துவிட்டதென்று உட்புறமாக நுழைகிறார். அவருக்காகவும் சேர்த்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது லொறிச் சாரதியின் கூடுதற் சுமை.

ஓர் உரையாடலைக் கற்பனை செய்து பாருங்கள். இறம்பொடை இறக்கம், பின்னால் ஒரு கார் விடாமல் ஹோர்ன் அடிக்கிறது.

"அண்ணே, பின்னால வர்ற கார்க்காரரு ரொம்ப அவசரப்படுறாரு. கை காட்டி விட்டுறலாமா?"

"அவசரம் அவருக்கு, தம்பி. வளைவுல விட்டா அவரு பிள்ளைகளும் நம்ம பிள்ளைகளும் ஒண்ணா அழும். அந்தக் கோயிலடியில இடம் இருக்கு. அங்க ஓரங்கட்டி விடுவோம்."

இந்த நாலு வரியில் தொழில் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிறர் அவசரத்துக்கு இடங்கொடாமலும் இருக்கிறார்; பிறர்க்கு வழிவிடாமலும் இருக்கவில்லை. இடமறிந்து விடுகிறார். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது வீண்போகவில்லை.

கிளீனர் முதல் சாரதி வரை

இந்த வித்தையைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் நெடுங்காலம் லொறியே. கிளீனர் என்ற பெயரில் ஒரு பையன் வந்து சேர்வான். வண்டி கழுவுவான், டயரைத் தட்டி ஓசையால் காற்றை மதிப்பிடப் பழகுவான், பின்னோக்கி எடுக்கும்போது குரல் கொடுப்பான், மேட்டில் நின்றால் கல்லோடு ஓடுவான். எஞ்சின் பாடும் பாட்டில் எந்தச் சுரம் பிசகிற்று என்பதை அவன் செவி அறியச் சில ஆண்டுகள் செல்லும். அதன் பின்னரே சுக்கான் கைக்கு வரும். அதற்கும் பின்னரே கனரக வாகன அனுமதிப்பத்திரம். எழுத்தில் இல்லாத இந்தப் பாடத்திட்டத்தில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. நல்ல குருவிடம் வந்தவன் நல்ல சாரதியானான். மோசமான குருவிடம் வந்தவன் அவருடைய கெட்ட பழக்கங்களையும் சேர்த்தே கற்றுக்கொண்டான்.

தோட்டத்து மக்களுக்கு இத்தொழில் வேறொரு வகையிலும் முக்கியமானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அரசாங்க உத்தியோகத்தின் கதவு அடைபட்டிருந்த அக்காலத்தில், லயத்தில் பிறந்த இளைஞன் தேயிலைச் செடியை விட்டு வெளியேறக் கிடைத்த சில வழிகளுள் லொறியின் படிக்கட்டும் ஒன்று. 2003இல் இயற்றப்பட்ட சட்டத்தோடு நாடற்ற நிலை முடிவுக்கு வந்தது. ஆயினும் சாரதித் தொழிலின் மதிப்பு அந்தச் சமூகத்தில் குறையவில்லை. கொழும்பையும் கண்டியையும் தம்புள்ளையையும் கண்டு வந்து, விலைவாசியையும் நாட்டு நடப்பையும் லயத்துக்குச் சொன்னவர் அவரே. இரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் தட்டப்படும் கதவும் பல தோட்டங்களில் அவருடையதே.

நெருக்கடிக் காலங்களில் நாடு இவரது அருமையைக் கண்டது. 2020இல் ஊரடங்கு நிலவியபோது மரக்கறி லொறிகள் ஓடின. 2022இல் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்று, வண்டியின் ஆசனத்திலேயே உறங்கி, சுமை வாடுவதைக் கண்டு மனம் வாடியவர்கள் இவர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலைகள் சரிந்து, வீதிகள் பல துண்டிக்கப்பட்டபோது, லொறி வராத ஊரின் நிலை எப்படியிருக்கும் என்பதை மலைநாடு முழுவதும் உணர்ந்தது.

அவசரம் யாருடையது?

இவ்வளவு அருமையான தொழில் தர்மம் இன்றும் முழுமையாக நிலவுகிறதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பாடசாலை மாணவர் சென்ற பஸ் ஒன்றும் வானும் முச்சக்கர வண்டியும் மோதியதில் எழுவர் மாண்டனர். 2025 மே 11ஆம் நாள் விடியற்காலையில் இறம்பொடை கரண்டிஎல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவ்விரண்டும் பஸ் விபத்துகளே. ஆனால் மலை இறக்கத்துக்குப் பஸ் என்றும் லொறி என்றும் பேதம் தெரியாது. இரவும் விடியலும் கூடும் வேளையில், செங்குத்தான வளைவில், மனிதரின் உடல் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி எல்லாச் சாரதிகளுக்கும் பொது.

குற்றத்தைச் சாரதியின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா? பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், இரண்டு பயணம் ஓடியவன் இரட்டிப்பாகப் பெறுவான், உறங்கியவன் இழப்பான். விடியுமுன் வந்தால்தான் விலை என்று சந்தை சொன்னால், அதன் நெருக்கடி வளைவில் வெளிப்படும். பிரேக் கட்டை மாற்ற வேண்டுமென்று சாரதி சொல்லும்போது, இன்னும் ஒரு வாரம் ஓடட்டும் என்று முதலாளி மறுமொழி கூறினால், அந்த ஒரு வாரத்துக்கு யார் பொறுப்பு? தொழிலாளரைக் கொழுந்து லொறியிலும் டிராக்டர் பெட்டியிலும் நெருக்கி நிறுத்தி ஏற்றும்படி கட்டளையிட்டால், மறுக்கும் துணிவு கூலி வாங்கும் சாரதிக்கு எங்கிருந்து வரும்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர். இங்கே ஆத்திரம் பலருடையது. ஆபத்து மட்டும் சாரதிக்கும் வழிப்போக்கருக்கும்.

ஓய்வும் தொழில் தர்மத்தின் ஒரு பகுதியே என்பதைப் பிற நாடுகள் சட்டமாக்கியுள்ளன. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 48 மணியுமே வேலை நேரம் என்று பொது விதி வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006ஆம் ஆண்டின் விதிப்படி, நாலரை மணி நேரம் ஓட்டிய சாரதி 45 நிமிடம் ஓய்ந்தாக வேண்டும். ஒருநாளில் ஓட்டும் நேரம் வழக்கமாக 9 மணியைத் தாண்டலாகாது. அதனைக் கண்காணிக்க லொறியிலேயே ஒரு கருவி பொருத்தப்பட்டுள்ளது. எழுதிய சட்டமெல்லாம் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை என்பது உண்மையே. எனினும் 'எனக்கு உறக்கம் வருகிறது, இனி ஓட்டமாட்டேன்' என்று சொல்லும் உரிமையை அச்சட்டம் சாரதிக்கு அளிக்கிறது. அந்த உரிமை இல்லாத சாரதியிடம் நிதானத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகவே சாரதி மட்டும் திருந்தினால் போதும் என்பது நமது கருத்தன்று. வண்டியின் சொந்தக்காரர்கள் பிரேக்குக்கும் டயருக்கும் செலவிடும் பணத்தைச் செலவென்று கருதாது, மனித உயிருக்குக் கட்டும் காப்புறுதியென்று கருத வேண்டும். பயணக் கூலியோடு ஓய்வுக்கும் ஒரு கூலி வைக்க வேண்டும். நீண்ட இறக்கங்களின் உச்சியிலும் நடுவிலும் லொறிகள் ஒதுங்கி நின்று பிரேக்கை ஆறவிடவும், சாரதி முகங்கழுவித் தேநீர் அருந்தவும் போதிய இடம் அமைத்தல் வேண்டும். தேயிலையை உலகுக்கு அனுப்பும் வீதியில், அதனைச் சுமந்து செல்பவர் அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் அருந்த இடமில்லை என்றால் அது நமக்குப் பெருமையாகாது.

நமக்கும் செய்யத்தக்கது உண்டு. விடுமுறைக்கு நுவரெலியா செல்லும் குடும்பத்தினர், முன்னால் மெல்ல இறங்கும் லொறியைக் கண்டு எரிச்சல் கொள்ளாதிருக்கலாம். அது மெல்ல இறங்குவதே நமது பாதுகாப்பு. வளைவில் முந்துமாறு நமது வண்டிச் சாரதியைத் தூண்டாதிருக்கலாம். ஒடுக்கமான இடத்தில் ஏறும் லொறிக்கு நின்று வழிவிடலாம். மாணவர்களோ, மேலே சொன்ன கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். நாளை சுக்கான் அவர்கள் கைக்கு வரும்போது அந்தக் கணக்கு நினைவில் நிற்கும்.

அடுத்த முறை மலைப்பாதையில் ஒரு லொறி ஓரங்கட்டி நின்று, சாரதி கையசைத்து உங்களுக்கு வழிவிட்டால், முந்திச் செல்லும்போது நீங்களும் ஒரு கை உயர்த்திச் செல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து நிதானம் காத்த ஒருவருக்கு, தாம் செய்வது ஒரு தொழில் என்றும், அதை மதிப்பவர் நாலுபேர் இருக்கின்றனர் என்றும் அந்த ஒரு கை சொல்லும்.